ஆற்றைக் கேட்கும் சங்கத்தாருக்கு

பெங்களூரு, கோவை, சென்னை தூண்டில் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு,

உங்கள் மனு போன வாரம் வந்து சேர்ந்தது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே தொடங்கி ஒகேனக்கல் வரைக்கும், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் தூண்டில்காரர்களுக்கு மட்டும் இரு மாநில அரசுகளும் அனுமதி தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்து பக்கத்தில் கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்கிறீர்கள். மேட்டூர்க்காரர், வாத்தியாராக இருந்தவர், இவரும் ஒப்பமிட்டால் உள்ளூர்க் குரல் மாதிரி இருக்கும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். யோசனையில் தப்பில்லை. ஆனாலும் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காரணத்தை உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதினால் அங்கேயே அமுங்கிப்போகும். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் தூண்டிலுக்கு எதிரி இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அணைக்கரையில் உட்கார்ந்தவன். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, சோளத்தட்டை நெட்டியில் தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. அவ்வளவுதான் சாமான். கிடைத்ததெல்லாம் ஜிலேபி. அது ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் என்பது எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரியும். அதுவரை காவிரியின் ஆதிகுடி அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்களும் உண்டு என்று முதன்முதலாக அம்மாவிடம் சொன்னபோது, அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “அப்புறம் எதுக்குடா அதும் வாயைக் கிழிக்கறாங்க?” இத்தனை வருஷமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. அதுவும் உங்கள் முகாமில்தான் கிடைத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாக ஒரு வாரம் ஆற்றோர முகாமில் தங்கினேன். இரு பக்கமும் மலை, நடுவில் பாறைகளுக்கிடையே நுரைத்துக்கொண்டு ஓடும் காவிரி. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒகேனக்கல் பக்கத்துப் பரிசல்காரர். இளவயதில் தோட்டா போட்டு மீன் பிடித்தவர். அதை மறைக்கவும் மாட்டார், பெருமையாகவும் சொல்ல மாட்டார். அந்தக் கரையில் வெடி போட்டவர்களையே கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தது உங்கள் முகாம்கள் செய்த மிகப் பெரிய காரியம். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை.

காலையில் அவர் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி, மசாலா சேர்த்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுவார். மஹசீர் மீனுக்கு அதுதான் இரை. வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த கோலும் ரீலும் கொண்டுவந்தவர்கள்கூடக் கடைசியில் அந்தக் களி உருண்டையைத்தான் முள்ளில் குத்தினார்கள். மூன்றாம் நாள் மாலை, என்னை அழைத்துப்போனவர் தூண்டிலில் மீன் மாட்டியது. ரீல் அலறியது. நரம்பு பாறையில் சிக்கியபோது பரிசல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுழலுக்குள் குதித்து அதை விடுவித்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தது, கூன் முதுகும் செம்மஞ்சள் வாலுமாக, ஒவ்வொரு செதிலும் என் உள்ளங்கைக்கு முக்கால் அளவு. நாற்பது பவுண்டுக்கு மேல். வெளிச்சம் போதவில்லை என்று, மறுநாள் காலைப் படத்துக்காக வாயில் கயிறு கோத்து இரவெல்லாம் தண்ணீரிலேயே கட்டி வைத்தார்கள். (அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது.) காலையில் படம் எடுத்த பிறகு, பரிசல்காரர் அதன் தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி, செவுள் நன்றாக அடிக்கும்வரை கால் மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். அது வாலை ஒரு தரம் வீசிப் போனது. அவர் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

இரவு முகாமில் ஒரு நோட்டை எடுத்தார்கள். தேதி, தூண்டில்காரர், எத்தனை மணி நேரம், என்ன இரை, எந்த மடு, என்ன மீன், என்ன எடை. எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மடுவைக் காட்டி, களியைக் கிண்டி, சுழலில் குதித்து, மீனை உயிரோடு திருப்பி அனுப்பிய ஆளின் பெயருக்குக் கட்டம் இல்லை. அவர் வெளியே நெருப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரை வெளியே உட்காரச் சொல்லவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த நோட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பாதிப் பதில் அதுதான். நான் தங்கிய கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்குகளை, பிரிட்டனையும் கேரளத்தையும் சேர்ந்த மீனியல் ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்டு, 6,000-க்கும் அதிகமான மஹசீர்களைப் பிடித்து விட்ட கணக்கு அது. வலை போட்டும் கேமரா வைத்தும் யாராலும் அந்தப் பாறை ஆற்றில் இப்படி ஒரு கணக்கு எடுத்திருக்க முடியாது. வாரக் கடைசிக்கு வந்த பொழுதுபோக்குக்காரர்களின் கிறுக்கல், அறிவியலுக்குச் சாட்சியாகிவிட்டது.

சாட்சி சொன்ன விஷயம்தான் கசப்பு. ஆண்டுக்கு ஆண்டு மாட்டிய மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது. காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த காலம் அது. ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹசீர். கூன் முதுகு மஹசீர் அதே நோட்டில், அதே பக்கங்களில், மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நீலத்துடுப்பு நம் ஆற்றின் மீன் கிடையாது. 1839-ல் புனே பக்கத்து முட்டா முளா ஆற்று மீனாக விவரிக்கப்பட்ட கிருஷ்ணா படுகைக்காரன். லோனாவாலாப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, மஹசீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். மஹசீர் என்றால் எல்லாம் மஹசீர்தானே என்ற நினைப்பு.

இந்த நினைப்பு சங்கங்களின் ரத்தத்திலேயே இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தென்னாட்டில் இந்த மாதிரிச் சங்கங்களின் கொள்ளுப்பாட்டன் ஊட்டியில் 1877-ல் பிறந்த நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சங்கம். இரண்டே வருஷத்தில், 1879-ல், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமம், தடைக்காலம் எல்லாம் வைத்து ஒரு சட்டமும் வந்துவிட்டது. வரையாடு இன்று மிச்சம் இருப்பதில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலை ஓடைகளில் தங்களுக்குப் பிடித்த மீன் இல்லையே என்று அந்தக் காலத்துத் துரைமாருக்குக் குறை. கப்பலேற்றி டிரவுட் முட்டை வரவழைத்தார்கள். பல முறை தோற்றார்கள். அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகே அது நிலைத்தது. அந்த ஓடைகளில் அதற்கு முன்பு என்னென்ன சிறு மீன்கள் இருந்தன என்று எண்ணிப் பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? ஆற்றில் இருக்கிற மீனைவிடத் தனக்கு வேண்டிய மீனைத் தேடுகிற பழக்கம் ஊட்டியில் தொடங்கிக் காவிரி வரை இறங்கி வந்திருக்கிறது. (அரசு மட்டும் என்னவாம்? மேட்டூரில் இன்று எடைபோட்டு விற்கிற கட்லாவும் ரோகும் வடக்கேயிருந்து வந்தவைதானே.)

இன்னொன்று. 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாணத்து அதிகாரி. அவர் காலத்திலிருந்தே தெற்கத்தி மஹசீரைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். கபினியில் 1946-ல் 120 பவுண்டு மீன் பிடித்தது உலகச் சாதனையாக இன்றும் பேசப்படுகிறது. கிட்டத்தட்ட 54 கிலோ, ஒரு ஆள் எடை. பிடித்தோம், படம் எடுத்தோம், பாடம் பண்ணிச் சுவரில் மாட்டினோம். ஆனால் அந்தக் கூனனுக்கு அறிவியலில் சரியான பெயர் என்ன என்பது 2018 வரை தீரவில்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007-ல் ‘டோர் ரெமாதேவீ’ என்று பெயர் பெற்ற மீனும் இதுவும் ஒன்றே என்று, மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பெயர் தெளிவான அதே 2018-லேயே, அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் அது சேர்ந்தது. பெயர் சூட்டும் நாளிலேயே ஜாதகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கதை.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-ல் திருத்தப்பட்டபோது ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் மீனும் வந்துவிட்டது. அதன் பிறகு சரணாலயத்துக்குள் மீனைப் பிடித்தால், திரும்ப விட்டாலும், அது வேட்டைக் கணக்கில்தான் வரும். கர்நாடகக் கரை 1987 முதலே சரணாலயம். முகாம்களில் தூண்டில் ஓய்ந்ததற்கு அதுவே காரணம். தமிழ்நாட்டுப் பக்கமும் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகள் சரணாலயங்களாகிவிட்டன. தெற்குச் சரணாலயம் மட்டும் 686 சதுர கிலோமீட்டர். “எங்கள் முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள்” என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் கதவு உங்களுக்கு முன்னால் மட்டுமா சாத்தியது? தலைமுறை தலைமுறையாகப் பரிசலில் போய் வலை வீசியவருக்கும் அதே கதவுதான். நீங்கள் இழந்தது விடுமுறை நாட்கள், அவர் இழந்தது பிழைப்பு. உங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்கிற மனுவில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு சொல்: ‘திருட்டு மீன்பிடிப்பு’.

காவல் இல்லாததால் வெடிச் சத்தம் திரும்ப வந்துவிட்டது என்கிறீர்கள். பரிசல்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நீர்நிலையில் வெடி வைக்கவும் நஞ்சு கலக்கவும் 1897-லிருந்தே சட்டத்தில் தடை இருக்கிறது. சட்டத்தால் நிற்காத வெடி, முகாம் இருந்த காலத்தில் கொஞ்சம் அடங்கியிருந்தது என்றால், அதற்குக் காரணம் மாதச் சம்பளம் வாங்கிய முன்னாள் வெடிக்காரர்கள். முகாம் மூடிய அன்று அவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? உங்களுக்கு வேறு ஆறுகள் கிடைத்தன. சிலருக்கு வேறு நாடுகளே கிடைத்தன. அந்த முன்னாள் வெடிக்காரர்களில் எத்தனை பேர் உங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் என்று விசாரித்தேன். கேட்டதற்கு ஒருவர் சிரித்தார்.

மேக்கேதாட்டு பற்றியும் மனுவில் ஒரு வரி இல்லை. அங்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் அணையின் கொள்ளளவு 67.16 டி.எம்.சி. இரு மாநில அரசியல்வாதிகளும் அதைத் தண்ணீர்ப் பங்கீடாக மட்டும் பேசுகிறார்கள். அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நீங்கள் தூண்டில்காரர்கள். ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் இல்லாமல் மஹசீர் இனம் பெருகாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுமதி கேட்கிற ஆற்றின் கணிசமான பகுதி அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கும் என்பதும் தெரியும். 1934-ல் கட்டிய மேட்டூர் அணை மேலாற்று மீனையும் கீழாற்று மீனையும் பிரித்துவிட்டது. ஐம்பதுகளில் வந்த பவானிசாகர், மோயாற்று மீனைத் தனிச் சிறையில் போட்டது. கூனன் இன்று அங்கே கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறான் என்றாலும், அங்கிருந்து ஒரு குஞ்சுகூடக் காவிரியின் மேலாற்றுக்கு நீந்தி வர வழி கிடையாது. (மோயாற்றில் ஒரு முகாம் போடலாமா என்று சிலர் பேசிக்கொள்வதாகக் காதில் விழுந்தது. தயவுசெய்து வேண்டாம்.)

போன ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போயிருந்தேன். அந்தப் பரிசல்காரருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பரிசலை மகன் ஓட்டுகிறான். மீன் வறுக்கிற கடைகளின் புகையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, உங்கள் மனுவைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். “எல்லாம் சரிங்க வாத்தியாரே. மீனு இருக்குதா இல்லையான்னு இதுல எங்கயுமே கேக்கலையே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. “அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?” என்றேன். பெரிய கூனன் கடைசியாக மாட்டியது எந்த மடுவில், அன்று ஆறு எப்படி இருந்தது, அதற்கு முந்தியது எப்போது என்று விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கை விரல்களிலேயே சில மிச்சமாயின.

அதனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்கு அனுமதி என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே வனத்துறை கோப்பை மூடிவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. மீன் கணக்கெடுப்பு என்று கேளுங்கள். வனத்துறையும் ஆய்வாளர்களும் குறிக்கிற நாட்களில், குறிக்கிற மடுக்களில், அவர்கள் கண் முன்னால். கூலி பரிசல்காரர்களுக்கு, செலவு உங்களுக்கு. இரவெல்லாம் கயிற்றில் கட்டி வைப்பது கிடையாது. படத்துக்காகத் தண்ணீரை விட்டு மீனைத் தூக்குவதும் கிடையாது. குஞ்சு விடுகிற பேச்சை அடியோடு நிறுத்துங்கள். கரையோரத்து ஆள் கட்டக்கூடிய அளவுக்கு ஒரு தனி உறுப்பினர் கட்டணம் வையுங்கள். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அவர்களாக இருக்கட்டும். பாதி என்றால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும் என்று தெரியும். முடிவெடுக்கும் இடத்தில் ஒரே ஒருவரை உட்கார வைத்தால் அவர் தேநீர் வாங்கி வரும் ஆளாகத்தான் இருப்பார். இதைப் பள்ளி நிர்வாகக் கூட்டங்களில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

மற்றபடி தூண்டில் போடச் சரணாலயத்துக்கு வெளியே இடமா இல்லை? ஏரிகளும் குளங்களும் மீன்பாசி குத்தகையில் கிடக்கின்றன. நரம்பைக் கட்டிக்கொண்டு கரையில் உட்காரும் பையன்களைக் குத்தகைக்காரரின் ஆட்கள் விரட்டுகிறார்கள். உங்கள் சங்கங்களில் தலை நரைக்காதவர்கள் குறைவு என்று நீங்களே வருத்தப்படுகிறீர்கள். அடுத்த தலைமுறை அந்தக் கரையில்தான் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஏரியைக் குத்தகை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்குத் திறந்துவிடுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாசனம் முடிந்து கண்மாய் வற்றுகிற சமயம், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் வலையுமாக ஊர் மொத்தமும் இறங்கும். உறுப்பினர் அட்டை யாரிடமும் இருக்காது. அங்கே ஒரு தரம் சேற்றில் நின்று பார்த்துவிட்டு வந்து, உங்கள் சங்க விதிப் புத்தகத்தைத் திரும்பப் படியுங்கள். அப்புறம் ஒன்று: குளத்தில் ஜிலேபியோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ மாட்டினால் கொள்கைக்காகத் திரும்ப விட்டுவிடாதீர்கள். குழம்பு வையுங்கள்.

மனுவைக் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்புகிறேன். ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஆவணியில் ஒரு நாள் ஒகேனக்கல்லுக்கு வாருங்கள். கோலும் ரீலும் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் அலமாரிகளில் இன்னும் வெளியே வராத பழைய நோட்டுகள் கிடக்கும். 1998-க்கு முந்தியவைகூட இருக்கலாம். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். பரிசல்காரர் மடு மடுவாகச் சொல்லட்டும். நீங்கள் தேதி பார்த்துச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அன்று யார் பரிசல் ஓட்டினார் என்று கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். வாத்தியார் காலத்துப் பச்சை மை பேனா இன்னும் இரண்டு மீதி இருக்கிறது.

அன்புடன்,
மேட்டூரிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர்